மார்ச் மாநாட்டுக்கு தீபாவளிக்கே பிளான் போடணும்! வெவ்வேறு ஊரில் இருக்கும் டீம் ஒன்றாக பார்சிலோனா போவது எப்படி?

ஒருத்தர் கோவை. ஒருத்தர் தென்காசி. இன்னொருத்தர் மதுரை. டிசைனர் இருப்பது கொச்சியில். விற்பனையைக் கவனிப்பவர் சென்னையில். தினமும் காலையில் வீடியோ காலில் சந்திக்கிறார்கள், சாயங்காலம் லேப்டாப்பை மூடுகிறார்கள். ஐந்து பேரும் நேரில் ஒரே மேஜையில் உட்கார்ந்ததே இல்லை.

ஐ.டி. துறையில் இப்படிப்பட்ட சின்னச் சின்ன டீம்கள் இப்போது சகஜம். அந்த டீமுக்கு ஒருநாள் மெயில் வருகிறது: "இந்த வருஷம் எல்லாரும் பார்சிலோனா மாநாட்டுக்குப் போறோம்." குரூப்பில் பட்டாசு எமோஜி பறக்கிறது. அடுத்த நிமிடமே கேள்விகளும் வரிசை கட்டுகின்றன. விசா எங்கே போடுவது? யார் பணம் கட்டுவது? பாஸ்போர்ட்டில் இனிஷியல் மட்டும்தான் இருக்கு, பரவாயில்லையா? எனக்கு மட்டும் விசா வரலைன்னா?

ஒரே ஆபீஸில் வேலை செய்பவர்கள் என்றால், அட்மின் பிரிவு எல்லா பாஸ்போர்ட்டையும் ஒரு கவரில் வாங்கி வேலையை முடித்துவிடும். ஆளுக்கொரு ஊரில் இருக்கும் டீமுக்கு அது நடக்காது. ஐந்து பேர் என்றால் ஐந்து தனித்தனிக் கணக்கு. அந்தக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது? பார்க்கலாம்.

எந்த மாநாடு? ஏன் இவ்வளவு நெரிசல்?

மொபைல் துறையின் வருடாந்திரத் திருவிழா என்றே சொல்லப்படும் மொபைல் வேர்ல்டு காங்கிரஸை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். செல்போன் நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஜி.எஸ்.எம்.ஏ. இதை நடத்துகிறது. 2006 முதல் ஸ்பெயினின் பார்சிலோனாதான் இதற்கு வீடு. பிப்ரவரி கடைசியிலோ மார்ச் முதல் வாரத்திலோ, திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாள் நடக்கும். 2024-இல் பிப்ரவரி 26 முதல் 29 வரை நடந்தது. 2025-இல் மார்ச் 3 முதல் 6 வரை.

சமீப ஆண்டுகளில் ஒரு லட்சம் பேருக்கு மேல் வந்து போகிறார்கள். பெரிய நிறுவனங்கள் புதிய போன்களை அறிமுகம் செய்யும் மேடையும் இதுதான். கூடவே ஸ்டார்ட்அப்களுக்காக '4 இயர்ஸ் ஃப்ரம் நவ்' என்ற தனி நிகழ்ச்சியும் நடக்கும்.

ஒரு ஊருக்கு ஒரே வாரத்தில் ஒரு லட்சம் பேர் கூடுதலாக வந்தால் என்ன ஆகும்? ஹோட்டல் வாடகை எகிறும். விமான டிக்கெட் ஏறும். அதற்கு முந்தைய மாதங்களில் விசா மையத்தில் ஸ்லாட் கிடைப்பதும் சிரமமாகும். அதனால்தான் முன்கூட்டியே பிளான் அவசியம்.

முதலில் டிக்கெட்டா, விசாவா?

பெரும்பாலானவர்கள் செய்யும் தப்பு இதுதான். "டிக்கெட் விலை ஏறுது, முதல்ல அதைப் போட்டுடலாம்" என்று ஆரம்பிக்கிறார்கள். ஆனால் இந்தப் பயணத்தில் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத ஒரே விஷயம் விசா தேதிதான். அதனால் காலண்டரை விசாவிலிருந்து பின்னோக்கி எண்ணணும்.

ஸ்பெயின், ஷெங்கன் பகுதியைச் சேர்ந்த 29 நாடுகளில் ஒன்று. ஷெங்கன் குறுகிய கால விசாவுக்கான அடிப்படை விதிகள் இவை:

- பயணத் தேதிக்கு 6 மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்.
- கடைசியாக, பயணத்துக்கு 15 நாள் முன்பாவது விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்கணும்.
- முடிவு சொல்ல வழக்கமான காலம் 15 நாள். சந்தேகம் இருந்தால், கூடுதல் ஆவணம் கேட்டால், 45 நாள் வரை நீளலாம்.
- பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. 2024 ஜூன் 11 முதல் அமலில் இருக்கும் தொகை இது. விசா மறுக்கப்பட்டாலும் திரும்பக் கிடைக்காது. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். நவம்பர் 25-ஆம் தேதி விண்ணப்பம் கொடுத்தால், 15 நாளில் முடிந்தால் டிசம்பர் 10. 45 நாள் இழுத்தாலும் ஜனவரி 9. அதாவது, மோசமான நிலைமையிலும் பொங்கலுக்கு முன் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிடும். மறுக்கப்பட்டால்கூட அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்க ஒன்றரை மாதம் மிச்சம் இருக்கும்.

அதையே "பொங்கல் முடிஞ்சதும் பார்த்துக்கலாம்" என்று விட்டால்? ஜனவரி 20-இல் கொடுத்த விண்ணப்பம் 45 நாள் இழுத்தால் மார்ச் 6. மாநாடே முடிந்திருக்கும்!

நடுவில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறைகள் வரும். ஸ்பெயினில் ஜனவரி 6-ஆம் தேதியும் விடுமுறை. ஆகவே மனதில் வைக்க ஒரே வரி: தீபாவளிக்கு முன் ஆவணங்கள் தயார், பொங்கலுக்கு முன் விசா கையில்.

பாஸ்போர்ட்டில் எதைப் பார்க்கணும்?

டீம் லீடர் செப்டம்பரிலேயே எல்லாரிடமும் கேட்க வேண்டியது, பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும். பார்க்க வேண்டியவை மூன்று:

1. ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் செல்லுபடியாகணும்.
2. கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்கணும்.
3. குறைந்தது 2 வெற்றுப் பக்கம் இருக்கணும்.

பாஸ்போர்ட்டே இல்லாதவர் டீமில் இருந்தால் அவர்தான் முதல் வேலை. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய நான்கு இடங்களில் மண்டல பாஸ்போர்ட் அலுவலகங்கள் இருக்கின்றன. புது பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் விசாரணை உண்டு. வேலைக்காக வேறு ஊரில் தங்கியிருப்பவர், சொந்த ஊர் முகவரியைக் கொடுத்துவிட்டு விசாரணை நாளில் அங்கே இல்லாமல் போவது அடிக்கடி நடக்கும் சிக்கல்.

இன்னொரு விஷயம். விசா முடியும் வரை பாஸ்போர்ட் தூதரகத்தின் கையில் இருக்கும். அந்த நாட்களில் சிங்கப்பூரில் கல்யாணம், துபாயில் கிளையன்ட் மீட்டிங் என்று யாருக்காவது வேறு பயணம் இருக்கிறதா என்று முன்பே கேட்டு வைப்பது நல்லது.

இனிஷியல் பிரச்னை... நம்ம ஊருக்கே உரியது!

தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். பாஸ்போர்ட்டிலோ 'சர்நேம்', 'கிவன் நேம்' என்று இரண்டு கட்டங்கள். சிலருக்கு சர்நேம் காலியாக இருக்கும். சிலருக்கு அப்பா பெயர் அங்கே போயிருக்கும். ஆபீஸ் ரெக்கார்டில் இனிஷியல், பேங்கில் முழுப் பெயர், பாஸ்போர்ட்டில் வேறு வரிசை என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருப்பதும் உண்டு.

இதில் ஒரே தீர்வுதான். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கோ, அப்படியே எல்லா இடத்திலும். மாநாட்டுப் பதிவு, விமான டிக்கெட், ஹோட்டல், இன்சூரன்ஸ், நிறுவனக் கடிதம் எல்லாவற்றிலும் அதே எழுத்து, அதே வரிசை. சர்நேம் காலியாக இருப்பவர்கள், டிக்கெட் போடும் முன் அந்த விமான நிறுவனம் எப்படிப் பதியச் சொல்கிறது என்று கேட்டுக்கொள்ளணும்.

இது சின்ன விஷயம் என்று விட முடியாது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு சுற்றுலா, விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தது நினைவிருக்கலாம். பிறகு, பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்று விளக்கம் வந்தது. போகும் வழியில் துபாயில் ஒருநாள் இறங்கிச் சுற்றிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கணும்.

ஐந்து பேரும் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கலாமா?

ஒரே டீம் என்பதால் ஒரே விண்ணப்பம் கிடையாது. ஆளாளுக்குத் தனி விண்ணப்பம், தனி ஆவணம், தனி முடிவு. ஸ்பெயின் விசா விண்ணப்பங்களை இந்தியாவில் வாங்கிக்கொள்வது பி.எல்.எஸ். இன்டர்நேஷனல் நிறுவனம். சென்னையிலும் மையம் இருக்கிறது. விண்ணப்பத்தை வாங்குவது, கைரேகை எடுப்பது, பாஸ்போர்ட்டைத் திருப்பித் தருவது மட்டும்தான் மையத்தின் வேலை. விசா கொடுப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது ஸ்பெயின் தூதரகம்.

எங்கே விண்ணப்பிக்கணும் என்பது ஒருவர் வசிக்கும் இடத்தைப் பொறுத்தது. சென்னைக்காரரும் தென்காசிக்காரரும் ஒரே மையத்துக்கு வரலாம். கொச்சியில் இருக்கும் டிசைனர் எந்த மையத்துக்குப் போகணும் என்பதைத் தனியாகப் பார்க்கணும். பாஸ்போர்ட்டில் ஒரு ஊர், வசிப்பது வேறு ஊர் என்றால் வாடகை ஒப்பந்தம் போன்ற முகவரிச் சான்றைக் கையில் வைத்திருப்பது நல்லது.

ஒருமுறை கொடுத்த கைரேகை 59 மாதம் வரை பயன்படும். அதனால் முன்பு ஷெங்கன் விசா வாங்கியவருக்கு அலைச்சல் குறையலாம். தென்காசியிலிருந்து முதல்முறை விண்ணப்பிப்பவருக்கோ சென்னைக்கு ஒரு ராத்திரி பயணம், ஒருநாள் லீவு, தங்கும் செலவு என எல்லாம் சேரும். இந்தச் செலவும் பட்ஜெட்டில் வரணும். பல கம்பெனிகள் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

"ஸ்பெயினுக்கு ஸ்லாட் இல்லை, வேற நாட்டு விசா எடுத்துட்டு அப்படியே போயிடலாம்" என்று யாராவது ஐடியா கொடுத்தால் கேட்க வேண்டாம். பயணத்தில் முக்கியமான நாடு எதுவோ, அங்கேதான் விண்ணப்பிக்கணும் என்பது விதி. நான்கு நாள் பார்சிலோனா, பிறகு எட்டு நாள் பாரிஸ் என்று ஒருவர் திட்டம் போட்டால் அவருடைய முக்கிய நாடு எது என்ற கேள்வியே வந்துவிடும். டீமாகப் போகும்போது சொந்தச் சுற்றுலாவைச் சுருக்கமாக வைப்பது எல்லாருக்கும் நல்லது.

கம்பெனி கடிதத்தில் என்ன இருக்கணும்?

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் விண்ணப்பம் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுதான்.

ஆபீஸ் ஊழியருக்கு எல்லாம் ஒரே பெயரில் இருக்கும்: அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், பே ஸ்லிப், விசிட்டிங் கார்டு. ரிமோட் டீமில் அப்படி இல்லை. ஒருவர் நிரந்தர ஊழியர். இன்னொருவர் கான்ட்ராக்ட்டில் இருக்கும் ஃப்ரீலான்ஸர். மூன்றாமவருக்கு வேலை கொடுப்பது வெளிநாட்டு நிறுவனம், சம்பளம் போடுவது இந்தியாவில் இருக்கும் வேறொரு நிறுவனம். விசா அதிகாரி பார்க்கும்போது கடிதத்தில் ஒரு கம்பெனி பெயர், பே ஸ்லிப்பில் இன்னொரு பெயர் இருந்தால் கேள்வி எழத்தானே செய்யும்?

அதனால் கவர் லெட்டரில் உள்ளது உள்ளபடி எழுதணும்:

- இவர் யார், எப்போதிலிருந்து வேலை செய்கிறார், எந்த ஊரிலிருந்து செய்கிறார்
- சம்பளம் எந்த நிறுவனத்தின் மூலம் வருகிறது, அந்த நிறுவனத்துக்கும் இந்த நிறுவனத்துக்கும் என்ன தொடர்பு
- எந்த மாநாடு, எந்தத் தேதி, இவர் போவது எதற்காக
- செலவு யாருடையது
- திரும்பி வந்து எந்த நாளில் வேலையில் சேருவார்

ஊழியர் என்றால் பே ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரி ரிட்டர்ன். ஃப்ரீலான்ஸர் என்றால் ஒப்பந்தப் பத்திரம், பில்கள், ஐ.டி. ரிட்டர்ன், ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அதுவும். ஃப்ரீலான்ஸரை ஊழியர் என்று காட்டி ஒரு கடிதம் தயார் செய்வது எளிது. ஆனால் மாட்டினால் அவருடைய விசா மட்டும் போகாது, கம்பெனி கடிதத்துக்கே மதிப்புப் போய்விடும். அதே கடிதத்தோடு வரிசையில் நிற்கும் மற்ற நால்வருக்கும் அது ஆபத்து.

இவற்றோடு மாநாட்டுப் பதிவுச் சான்று, அழைப்புக் கடிதம், ஹோட்டல் புக்கிங், போக வர டிக்கெட் முன்பதிவு, குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு ஆகியவையும் வேண்டும். காப்பீடு எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும், தங்கும் எல்லா நாளுக்கும் செல்லணும்.

மாநாடு முடிஞ்சும் அங்கேயே இருந்து வேலை பார்க்கலாமா?

"எப்படியும் லேப்டாப்பில்தானே வேலை. இன்னும் ஒரு மாசம் பார்சிலோனாவிலேயே இருந்து செய்யலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். மாநாட்டுக்குக் கிடைப்பது மாநாட்டுக்கும் மீட்டிங்குக்குமான குறுகிய கால விசா. எத்தனை நாள் தங்கலாம் என்பது விசா ஸ்டிக்கரிலேயே அச்சாகியிருக்கும். தொலைதூர வேலைக்கென்றே ஸ்பெயின் 'டிஜிட்டல் நோமாட்' விசா என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறது. இரண்டும் வேறு வேறு.

வந்து போனதை மறைக்கவும் முடியாது. 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய நாடுகள் பாஸ்போர்ட்டில் சீல் குத்துவதற்குப் பதிலாக, நுழையும் நாளையும் வெளியேறும் நாளையும் கணினியில் பதியும் முறைக்குப் படிப்படியாக மாறத் தொடங்கின.

பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் ஸ்டிக்கரில் பெயர், தேதி, தங்கும் நாள் எண்ணிக்கை மூன்றையும் அன்றே சரிபாருங்கள். தப்பு இருந்தால் உடனே சொன்னால்தான் திருத்த வழி உண்டு.

யார் பணம் கட்டுவது?

பட்ஜெட் என்றால் டிக்கெட், ஹோட்டல், மாநாட்டு பாஸ் மூன்றையும் எழுதிவிட்டு மற்றதை மறந்துவிடுவது வழக்கம். 5 பேர் 6 இரவு தங்கினால் 30 அறை-இரவு. விசாவுக்கு மட்டும் 450 யூரோ. அதன் மேல் சேவைக் கட்டணம், இன்சூரன்ஸ், உள்ளூர்ப் பயணம், சாப்பாடு. பார்சிலோனாவில் ஒவ்வொரு இரவுக்கும் தலைக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரியும் உண்டு.

எவ்வளவு என்பதைப் போலவே முக்கியம், யார் கையிலிருந்து முதலில் போகிறது என்பது. "டிக்கெட்டை நீங்க போடுங்க, வந்ததும் ரீஇம்பர்ஸ் பண்ணிடுவோம்" என்பது மேனேஜருக்குச் சாதாரண வார்த்தை. அவருடைய கிரெடிட் கார்டு தாங்கும். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆன டெஸ்டருக்கு? வீட்டுக் கடனுக்கு மாதாமாதம் பணம் அனுப்பும் டெவலப்பருக்கு? "எனக்கு வர இஷ்டமில்லை" என்று அவர் சொன்னால், அதற்குப் பின்னால் இருப்பது பணமாகவும் இருக்கலாம். வாயைத் திறந்து சொல்ல மாட்டார். டிக்கெட், ஹோட்டல், விசா கட்டணத்தை கம்பெனியே நேரடியாகக் கட்டுவதும், தினப்படியைக் கிளம்பும் முன்பே கையில் கொடுப்பதும்தான் நியாயம்.

இதில் சட்ட ரீதியான காரணமும் இருக்கிறது. நிறுவனம் அனுப்பி, நிறுவனமே செலவை ஏற்கும் மாநாட்டுப் பயணம், தனிநபருக்கான வருடாந்திர வெளிநாட்டுப் பண வரம்பான 2,50,000 டாலருக்குள் வராது என்பது ரிசர்வ் வங்கியின் விளக்கம். ஊழியர் சொந்தமாகச் செலவு செய்தால் அது அவர் கணக்கில் ஏறும். வெளிநாட்டு நோட்டாகக் கையில் எடுத்துச் செல்ல ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் அனுமதி. மீதிக்கு ஃபாரெக்ஸ் கார்டு போதும்.

ஹோட்டல், டிக்கெட்: 2020 சொன்ன பாடம்

2020 மாநாடு பிப்ரவரி 24-ஆம் தேதி தொடங்க இருந்தது. கொரோனா அச்சத்தில் பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலக, பிப்ரவரி 12-ஆம் தேதி மாநாடே ரத்து என்று அறிவிப்பு வந்தது. இடையில் இருந்தது வெறும் 12 நாள். அதற்குள் அறையும் டிக்கெட்டும் போட்டிருந்தவர்களுக்குக் கைகொடுத்தது, புக்கிங்கில் இருந்த ரத்து விதி மட்டும்தான்.

அதனால் ஹோட்டல் போடும்போது விலையைப் பார்க்கும் முன் 'எந்தத் தேதி வரை இலவசமாக ரத்து செய்யலாம்' என்பதைப் பாருங்கள். அந்தத் தேதி விசா முடிவு வரும் நாளுக்குப் பின்னால் இருக்கணும். மாநாட்டு பாஸை வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியுமா, எந்தத் தேதி வரை மாற்றலாம் என்பதையும் பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்.

மாநாடு நடக்கும் ஃபிரா கிரான் வியா வளாகம், பார்சிலோனாவை ஒட்டிய லாஸ்பிதாலெட் என்ற ஊரில் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து எல்9 மெட்ரோ நேராக இந்த வளாகத்துக்கு வருகிறது. நகரின் நடுவில்தான் தங்கணும் என்று இல்லை. மெட்ரோ, ரயில் வசதி உள்ள புறநகரில் அறை எடுத்தால் செலவு குறையலாம். அபார்ட்மென்ட் எடுப்பவர்கள், அதற்குச் சுற்றுலா உரிமம் இருக்கிறதா என்று பார்த்தே எடுக்கணும். 2028 நவம்பருக்குள் இந்த வாடகை உரிமங்களை முழுவதுமாக நிறுத்தப்போவதாக பார்சிலோனா மாநகராட்சி அறிவித்திருக்கிறது.

அறைகளைப் பகிர்வது பற்றி முன்பே பேசிவிடுங்கள். வீடியோ காலில் மட்டுமே பார்த்துப் பழகிய இருவரை ஒரே அறையில் தங்கச் சொல்வது எல்லாருக்கும் ஒத்துவராது. முடிந்தவரை தனி அறை. டீமில் ஒரே ஒரு பெண் இருந்தால் அவர் மட்டும் வேறு ஹோட்டலில் தங்கும் நிலைமை வரக்கூடாது.

சென்னையிலிருந்து பார்சிலோனாவுக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய், தோஹா, ஃபிராங்க்ஃபர்ட் போன்ற ஊர்களில் மாறணும். ஃபிராங்க்ஃபர்ட், பாரிஸ் வழியாகப் போனால் குடியேற்றச் சோதனை அங்கேயே நடக்கும். ஆகவே அடுத்த விமானத்துக்கு நடுவில் போதிய நேரம் விடணும். லண்டன் வழி என்றால் பிரிட்டனின் டிரான்சிட் விதியைத் தனியாகப் பார்க்கணும். ஷெங்கன் விசா அங்கே செல்லாது.

சனிக்கிழமையே போய்ச் சேருவது நல்லது. ஞாயிறு ஓய்வுக்கும், டீம் முதல்முறையாக நேரில் உட்கார்ந்து பேசவும் பயன்படும்.

பெட்டியில் என்ன? டெமோ கருவிகளை எப்படிக் கொண்டுபோவது?

- பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான். 100 வாட்-ஹவர் வரை பிரச்னை இல்லை. அதாவது சுமார் 27,000 எம்.ஏ.ஹெச். அதற்கு மேல் என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.
- ஸ்பெயினில் மின்சாரம் 230 வோல்ட், நம் ஊரைப் போலத்தான். ஆனால் பிளக் வேறு. அடாப்டர் அவசியம்.
- கண்காட்சியில் வைக்க விலை உயர்ந்த கருவிகளைக் கொண்டுபோனால் 'ஏ.டி.ஏ. கார்னே' என்ற சுங்க ஆவணம் உதவும். தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும் பொருளுக்கு வரி கட்ட வேண்டாம் என்பதற்கான ஆவணம் இது. இந்தியாவில் ஃபிக்கி அமைப்பு வழங்குகிறது. ஒரு வருடம் செல்லும்.
- வசதியான ஷூ மறக்க வேண்டாம். மாநாட்டு வளாகத்தில் 8 அரங்குகள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தாலே கால் வலிக்கும்.
- பார்சிலோனா பிக்பாக்கெட்டுக்குப் பெயர்போன ஊர். பாஸ்போர்ட், விசா நகல்களைப் போனிலும் மெயிலிலும் வைத்திருங்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸ் புகார், பிறகு இந்தியத் தூதரகத்தைத் தொடர்புகொள்ளணும். அவசர உதவி எண் 112.

2016-இல் மாநாடு நடந்த அதே வாரத்தில் பார்சிலோனா மெட்ரோ ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மெட்ரோவை மட்டும் நம்பாமல் மாற்று வழி ஒன்றையும் தெரிந்து வைப்பது நல்லது.

எல்லாரும் போக முடியாதே... யாரை அனுப்புவது?

டீமில் மனக்கசப்பு வருவது இங்கேதான். சிறிய பட்ஜெட்டில் ஐந்தில் மூன்று பேர்தான் போக முடியும் என்றால், வழக்கமாக சென்னையில் இருப்பவர், ஏற்கெனவே வெளிநாடு போனவர், ஆங்கிலம் சரளமாகப் பேசுபவர் மூவரும் கிளம்பிவிடுவார்கள்.

விசா விதியும் இதற்குத் துணைபோகிறது. 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்காக ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த முறைப்படி, கடந்த மூன்று ஆண்டுகளில் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு, பலமுறை போய்வரும் 2 ஆண்டு விசா கிடைக்க வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகு 5 ஆண்டு விசா. போனவரே மறுபடி போவது கம்பெனிக்கு வசதி. போகாதவர் எப்போதும் 'முதல்முறை' வரிசையிலேயே நிற்பார்.

இதற்கு ஒரு வழி, ஒவ்வொரு வருடமும் ஒரு இடத்தைப் புதியவருக்கு என்று ஒதுக்கிவிடுவது. இன்னொன்று, யார் எதற்காகப் போகிறார் என்பதை எழுதி எல்லாருக்கும் காட்டுவது. யாருக்கு எந்த அரங்கு, யாரைச் சந்திக்கணும், எதைக் கேட்டு வரணும் என்று பட்டியல் இருந்தால் "அவங்க டூர் போறாங்க" என்ற பேச்சு எழாது.

விசா வராதவருக்கு என்ன செய்வது?

நால்வருக்கு வந்து ஒருவருக்கு மறுக்கப்படலாம். ஆவணம் சரியாக இருந்தும் நடக்கலாம். மறுப்புக்கான காரணம் படிவத்தில் குறிக்கப்பட்டிருக்கும். மேல்முறையீடு செய்ய உரிமை உண்டு. குறையைச் சரிசெய்து புதிதாகவும் விண்ணப்பிக்கலாம். நவம்பரிலேயே விண்ணப்பித்தவருக்கு இதற்கெல்லாம் நேரம் இருக்கும்.

அதற்கும் வழியில்லை என்றால், அவர் வீட்டிலிருந்தே மாநாட்டில் பங்கெடுக்கும்படி வேலையைப் பிரிக்கணும். கடைசி நாளில் யோசிக்காமல் தொடக்கத்திலேயே திட்டத்தில் இதை எழுதி வைப்பது நல்லது. நேர வித்தியாசம் இதற்கு உதவும். மார்ச் தொடக்கத்தில் பார்சிலோனாவைவிட இந்தியா நாலரை மணி நேரம் முன்னால். அங்கே காலை 9 மணிக்கு இங்கே மதியம் 1.30. அங்கே மாலை 6 என்றால் இங்கே இரவு 10.30.

ஆகவே தினமும் அங்கே மதியம் 1.30 மணிக்கு, அதாவது இங்கே மாலை 6 மணிக்கு, 20 நிமிட கால் ஒன்று. காலையில் பார்த்ததை, சந்தித்தவர்களை அங்கிருப்பவர்கள் சொல்லணும். எந்தெந்த நிறுவனத்துக்குப் பதில் எழுதணும், எதைத் தேடிப் பார்க்கணும் என்பதை இங்கிருப்பவர் கையில் எடுத்துக்கொள்ளணும். இரவு 10.30-க்கு மேல் அவரை எழுப்பக்கூடாது. மாநாட்டு நாட்களில் சர்வர் விழுந்தால் பார்ப்பது, கிளையன்டுக்குப் பதில் சொல்வது எல்லாம் அவர் தலையில்தான் விழும். அதற்கு ஈடாக இரண்டு நாள் லீவு கொடுத்தால் கம்பெனி குறைந்துபோகாது.

திரும்பி வந்த பிறகு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஐந்து பேரும் நேரில் சந்திக்கத்தான் இந்தப் பயணம் என்றால், ஒருவர் இன்னும் மீதி இருக்கிறார். பார்சிலோனா முடிந்த ஒரு மாதத்துக்குள் மதுரையிலோ கோவையிலோ இரண்டு நாள் எல்லாரும் கூடலாம். அதற்கு விசா தேவையில்லை. ரயில் டிக்கெட் போதும்.

சுருக்கமாக: எந்த மாதம் என்ன வேலை?

- செப்டம்பர்: யார் யார் என்று முடிவு. பாஸ்போர்ட் சரிபார்ப்பு. பெயர் எழுத்துகளைக் குறித்து வைத்தல்.
- அக்டோபர்: ரத்து செய்யக்கூடிய ஹோட்டல். மாநாட்டுப் பதிவு. கம்பெனி கடிதம், பேங்க் ஆவணங்கள்.
- நவம்பர்: விசா ஸ்லாட், விண்ணப்பம். 25-ஆம் தேதிக்குள் எல்லாரும் முடித்திருக்கணும்.
- டிசம்பர்: சந்திப்புகளுக்கு மெயில். கருவிகளுக்கான சுங்க ஆவணம்.
- ஜனவரி: பொங்கலுக்கு முன் விசா. ஸ்டிக்கர் சரிபார்ப்பு. விமான டிக்கெட்டை உறுதி செய்தல்.
- பிப்ரவரி: தினப்படி கையில். யாருக்கு எந்த அரங்கு என்ற பட்டியல். வீட்டில் இருப்பவரோடு ஒரு ஒத்திகை கால்.
- மார்ச்: மாநாடு. திரும்பி வந்த வாரமே உள்ளூர்ச் சந்திப்புக்குத் தேதி.

உங்கள் டீமும் இப்படி ஒரு பயணத்துக்குத் தயாராகிறதா? இன்று இரவே செய்ய வேண்டியது ஒன்றுதான். பீரோவைத் திறந்து, பாஸ்போர்ட் எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள்.